பழுதான பக்கங்கள்

பள்ளிப்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
ஊர் என்ன படிக்கிறதென்று
நூலகருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

தை மாதம் பட்டா, சிட்டா, கரும்பு ஆலை ரசீது.
மாசியில் ஹால் டிக்கெட்.
பங்குனி பிறந்ததிலிருந்து
அந்தப் பச்சை அட்டை நாவல்.

கிளை நூலகத்தில் ஒரே பிரதி.
திருத்தணி வரைக்கும் போய்க் கேட்டாலும்
விலைக்குக் கிடையாதாம்.

முதலில் வந்தவர் கண்டக்டர் குப்பய்யா.
நகரி வண்டி எடுக்க ஏழு நிமிஷம் இருந்தது.
"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் மட்டும் போடும்மா.
மத்ததெல்லாம் மோரு. இது ஒண்ணுதான் வெண்ணெ."
எட்டாக மடித்து
டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார்,
சில்லறை படாத அறையில்.

கால்நடை மருந்தகத்து ரெஜினா
முழுப் புத்தகத்தையும் கேட்டாள்,
ஒரு தாளில் இரண்டு பக்கம், செலவு குறையும்.
"எழுதினவனுக்கு மாடு தெரியாது மங்கா.
எட்டு மாசச் சினை மாட்டை
வெள்ளத்துல நீந்த விடுறான்.
ஆனா அந்த மாமியாக்காரி இருக்காளே,
என் வீட்டுல வந்து உக்காந்து
பாத்துட்டுப் போய்தான் எழுதியிருக்கான்."

மாங்காய் மண்டி செங்கல்வராயுலு
தமிழ் பேசுவார், எழுத்து வராது.
கணக்குப்பிள்ளை ராத்திரி வாசிக்க
தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்.
தினம் பத்துப் பக்கம் எடுத்துப் போக
அவரேதான் வருவார்.
"பாகுந்திம்மா, ரொம்ப பாகுந்தி.
ஆனா வேதவல்லி ரயில் ஏறினது தப்பு."

"தப்பா? ஒம்போது வருசம் லேட்டு," என்றாள் ரெஜினா.

"அவ ஏறவே இல்லம்மா,
கடைசி வரியத் திருப்பிப் படிங்க,"
படியில் தொங்கியபடி கத்தினார் குப்பய்யா.
பஸ் நகர்ந்துவிட்டது.

மிச்சம் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.
நீ சொல்லு மங்கா,
உன் கை வழியாத்தானே எல்லாம் போகுது.

போகிறது. உண்மைதான்.
நல்லபடியாக வந்த தாளை நான் படிப்பதில்லை,
அது காசு கொடுத்தவருடையது.
உருளையில் சிக்கிக் கசங்கியது,
மை அப்பியது,
கரண்ட் போய்ப் பாதியில் வெளுத்தது,
இவை எனக்கு.
மேஜைக்கடியில் பிஸ்கட் அட்டைப்பெட்டியில்
முப்பத்தொரு தாள் சேர்ந்திருக்கிறது.
என் நாவல் அவ்வளவுதான்.

அதில் வேதவல்லிக்குக் கல்யாணமே ஆகவில்லை.
ஆனால் ஒரு புருஷன் இருக்கிறான்,
முகத்தில் பாதி கறுப்பு.
சினை மாடு ஆற்றில் இறங்குகிறது,
கரை ஏறும் பக்கம் என்னிடம் இல்லை.
ஓரிடத்தில் யாரோ யாரையோ "வா" என்கிறார்கள்.
தாள் இழுபட்டதில் அந்த ஓர் எழுத்து
விளிம்பு வரை நீண்டு கிடக்கிறது.
அப்படி ஒருவர் என்னைக் கூப்பிட்டால்
கடையைச் சாத்தாமலே போய்விடுவேன்
என்று தோன்றியது ஒரு மத்தியானம்.

நூற்றிப் பன்னிரண்டு
எத்தனை முறை போட்டாலும் சுத்தமாக வருகிறது.
முடிவும் அப்படியே.
"இன்னும் முடிக்கல," என்றேன்.
ரெஜினா சிரித்தாள்:
"மோர்க்காரி தயிருக்கு அலையுற கதை."

வெள்ளிக்கிழமை
பாலிடெக்னிக் சீருடையில் ஒரு பெண்.
கையில் அதே பச்சை அட்டை,
முதுகில் புது செல்லோடேப்.
"கடைசி நாலு பக்கம் மட்டும் அக்கா.
முன்னாடி நடந்ததெல்லாம்
பஸ்ல சண்டை போட்டே சொல்லிட்டாங்க."

அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் ட்ரேயை இழுத்து
மூன்று நாளாக ஈரக்காற்றில் கிடந்த தாள்கட்டை
விசிறாமல், தட்டாமல்
அப்படியே சொருகினேன்.
மூடியை இறக்கினேன்.
பச்சை வெளிச்சம் போய்த் திரும்பியது.

பாழாய்ப்போன மிஷின்,
ஒரு கோடு விழவில்லை.
நாலு தாளும் வெதுவெதுப்பாக, பளிச்சென்று
குப்புற வந்து விழுந்தன.

திருப்பாமல் கொடுத்துவிட்டு
எட்டு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.